சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை மியாட்டாவில்: கடைசி நாள்களை எப்படிக் கடப்பது?

பதிவு 1: தேர்ப்பாகன்

அனைவருக்கும் வணக்கம். சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை ஓடிய பழைய நெடுஞ்சாலையான ரூட் 66இல், சிகாகோவில் தொடங்கிய பயணத்தில் நானும் என் மனைவியும் இன்று மாலை அரிசோனா மாநிலத்தின் ஹோல்புரூக்கை வந்தடைந்தோம். எங்கள் கார் 2019ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, கையால் மாற்றும் ஆறு கியர்கள். இந்த ரகக் காரை உலகம் முதன்முதலில் கண்டது 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில்தான் என்பதால், அதே நகரில் தொடங்கும் பழைய சாலையில் இதை ஓட்டிச் செல்ல வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது.

இன்று நண்பகலில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவைக் கடந்து வந்தோம். பழைய ரூட் 66இன் ஒரு பகுதியைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் தேசியப் பூங்கா அது ஒன்றுதான். சாலை ஓடிய இடத்தில் இப்போது புல்லும் மண்ணுமே எஞ்சியிருக்கின்றன. தொலைபேசிக் கம்பங்களின் வரிசையும், துருவேறிய 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் காரும் அதன் தடத்தைக் காட்டுகின்றன. அங்கே நின்றபோது, இன்னும் உயிரோடு இருக்கும் பகுதிகளை ஓட்டாமல் கடந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

ஆனால் உடல் களைத்திருக்கிறது. அடுத்துவரும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து, மாநிலங்களை இணைக்கும் விரைவு நெடுஞ்சாலைகளான இண்டர்ஸ்டேட் 40, 15, 10 ஆகியவற்றைப் பிடித்தால் சுமார் 480 மைலில் சாண்டா மோனிகாவை ஒரே நாளில் அடைந்துவிடலாம் என்று வழியில் சந்தித்தவர்கள் சொல்கிறார்கள். பழைய சாலையை ஒட்டியே சென்றால் மூன்று நாள்களாவது வேண்டும். இவ்வழியில் சிறிய காரை ஓட்டியவர்கள் தங்கள் கருத்தைக் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2: சாலைநேசன்

வணக்கம் நண்பரே. நீங்கள் இதுவரை கடந்துவந்த மாநிலங்களில் பழைய சாலை துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கும். நெடுஞ்சாலைக்குப் பக்கவாட்டில் சிறிது தூரம் ஓடி, பிறகு வேலியில் முட்டி நின்றிருக்கும். உங்களுக்கு முன்னால் இருப்பதோ வேறு வகை. செலிக்மனிலிருந்து கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள டோபாக் வரை சுமார் 160 மைலுக்குச் சாலை அறுபடாமல் இருக்கிறது. முழு வழியிலும் தொடர்ச்சியாக எஞ்சியுள்ள மிக நீளமான பகுதி இதுவே. இதை விட்டுவிட்டு இண்டர்ஸ்டேட்டில் போனால், தேர்த் திருவிழாவுக்குப் போய்த் தேர் நகரும் நேரத்தில் ஊர் திரும்பியது போலாகிவிடும்.

ஆஷ் ஃபோர்க்கைத் தாண்டியதும் 139ஆம் எண் வெளிவழியில் இறங்கி குரூக்டன் சாலையைப் பிடியுங்கள். நிலத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப ஏறி இறங்கி வளையும் அந்தச் சாலையில், 50 மைல் வேகத்திலேயே உங்கள் கார் தான் எதற்காகப் படைக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடும். செலிக்மன் ஊரை 1978 செப்டம்பரில் இண்டர்ஸ்டேட் 40 ஒதுக்கிவிட்டுச் சென்றது. அதுவரை வாசலில் இடைவிடாமல் ஓடிய வண்டிகள் ஒரே நாளில் நின்றுபோயின. 1985இல் ரூட் 66 என்ற எண்ணே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வூரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ சோர்ந்துவிடாமல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைத் திரட்டி, 1987இல் அரிசோனாவின் ரூட் 66 சங்கத்தைத் தொடங்கி, இந்தப் பகுதியை வரலாற்றுச் சாலையாக மாநில அரசு அறிவிக்கும்படி செய்தார். பிற மாநிலங்களில் பின்னர் எழுந்த முயற்சிகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி. இன்று நாம் ஓட்டுவதற்கு ஒரு சாலை இருக்கிறது என்றால், அதில் அம்மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதன்பின் ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடமான பீச் ஸ்பிரிங்ஸ், டிரக்ஸ்டன், ஹாக்பெரி, கிங்மன் என்று வரிசையாக வரும். கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவிலிருந்து பசடீனா வரை செல்லும் ஃபுட்ஹில் சாலையையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் பழைய சாலைதான். மூன்று நாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 3: நெடுந்தொலைவு

சாலைநேசன் ஐயா கூறிய வரலாற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் கேட்டவர் களைத்திருக்கிறார் என்பதை அவருடைய பதிவே சொல்கிறது. நெடும்பயணத்தின் கடைசி நாள்களில் கவனம் மெல்லக் குறைவதை ஓட்டுநர் தானே உணர்வதில்லை. இலக்கு அருகில் வந்துவிட்டது என்ற எண்ணமே அவரை அவசரப்படுத்தும். மியாட்டாவில் பின்னிருக்கை கிடையாது. சாய்ந்து படுத்து ஒரு மணி நேரம் கண்ணயரவும் முடியாது. பெட்டி வைக்கும் இடம் 130 லிட்டர் மட்டுமே. இருவருடைய உடைமைகளை வைத்தபின் பாலைவனத்துக்குத் தேவையான தண்ணீரை எங்கே வைப்பார்கள்?

செப்டம்பர் இறுதியிலும் கலிபோர்னிய எல்லையிலுள்ள நீடில்ஸ் நகரில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது இயல்பானது. இந்தக் காரில் மாற்றுச் சக்கரம் இல்லை. ஓட்டையை அடைக்கும் திரவமும் சிறிய காற்றடிப்பானும் மட்டுமே இருக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அவற்றால் பயனில்லை. அதற்கு மேற்கே பாலைவனச் சிற்றூரான ஆம்பாய்ப் பக்கம் கைப்பேசி அலைவரிசையும் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே ஒரே நாளில் ஓட்ட வேண்டாம், மூன்று நாள்களும் வேண்டாம். கிங்மனில் ஓர் இரவு தங்கி, இண்டர்ஸ்டேட்டிலேயே இரண்டு நாள்களில் முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பதிவு 4: பற்சக்கரம்

காரைப் பற்றி மட்டும் கூறுகிறேன். மற்றவற்றை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. டோபாக் ஏறத்தாழ 500 அடி. காற்றைத் தானாக உள்ளிழுக்கும் இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் தன் ஆற்றலில் 3 சதவீதம் அளவுக்கு இழக்கும். கடல்மட்டத்தில் 181 குதிரைத்திறன் தரும் உங்கள் இயந்திரம் ஃபிளாக்ஸ்டாஃபில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த நிலையில்தான் ஓடும். மேற்கே இறங்க இறங்க அது மீண்டும் வலுப்பெறுவதை உங்கள் வலது கால் உணரும். பயணத்தின் கடைசி நாள்களில் ஓட்டுநர் தளர்ந்திருக்க, கார் மட்டும் நாளுக்கு நாள் துடிப்பாகிக்கொண்டே வரும். வளைவுகளில் வேகத்தை அளவிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது டயர் அழுத்தம். அழுத்தமானி காட்டுவது டயருக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டைத்தான். 6,500 அடி கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மானியில் சுமார் 3 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். வெப்பம் இதற்கு எதிராக வேலை செய்யும், 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். மலையூரின் 5 டிகிரி காலையிலிருந்து ஆற்றங்கரையின் 40 டிகிரி பிற்பகலுக்குச் சென்றால் 6 பிஎஸ்ஐ கூடிவிடும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். தங்கும் ஊர் ஒவ்வொன்றிலும் அதிகாலையில், வண்டியை நகர்த்தும் முன், 29 பிஎஸ்ஐக்குச் சரிசெய்யுங்கள்.

கிங்மனுக்கு மேற்கே பழைய சாலை ஏறும் சிட்கிரீவ்ஸ் கணவாயிலிருந்து ஓட்மன் என்ற சிற்றூருக்கு இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இருங்கள். இயந்திரமே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் தொட்டால் போதும். காரின் எடை கிட்டத்தட்ட 1,060 கிலோதான் என்பது இங்கே பெரிய வசதி. பல இடங்களில் சாலையோரத் தடுப்பு இல்லை என்பதால் ஓட்டுபவர் காட்சிகளைப் பார்க்க வேண்டாம். ஒதுங்குமிடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கிங்மனில் இயந்திர எண்ணெய் மட்டத்தையும் டயர்களின் உட்புற விளிம்புத் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். உட்புற விளிம்பு நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிக் குனிந்து பார்க்க வேண்டும்.

பதிவு 5: மொஹாவிவாசி

நான் பாலைவனத்தின் கலிபோர்னியப் பக்கத்தில் வசிப்பவன். நெடுந்தொலைவு அவர்களின் எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால் அதற்கு விடை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது, வழியை மாற்றுவதில் இல்லை.

மேற்கு நோக்கிச் செல்பவருக்குப் பிற்பகல் முழுவதும் வெயில் முகத்திலேயே அடிக்கும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாறைகளின் நிறமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஆகவே விடிந்ததும் புறப்பட்டு நண்பகலுக்குள் அன்றைய பாலைவனப் பகுதியை முடித்துவிடுங்கள். அரிசோனா கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் (நவஹோ நிலப்பகுதி இதற்கு விலக்கு) இப்பருவத்தில் கலிபோர்னியாவுக்குள் நுழையும்போது நேரமும் மாறாது. கூரையைத் திறந்து ஓட்டும்போது ஓடுகாற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது தெரியாது. காலை பத்து மணிக்குமேல் கூரையை மூடிவிடுங்கள். தண்ணீரைப் பெட்டி வைக்கும் இடத்தில் வைக்காமல், உங்கள் மனைவியின் கால்மாட்டில் வையுங்கள்.

டோபாக்கில் ஆற்றைக் கடக்கும்போது தெற்கே வெண்ணிற வளைவுப் பாலம் ஒன்று தெரியும். 1916இல் கட்டப்பட்ட அது, 1947 வரை ரூட் 66ஐத் தாங்கியது. இன்று எரிவாயுக் குழாயைத் தாங்குகிறது. மாநில எல்லை கடந்ததும் வேளாண் சோதனைச் சாவடி வரும்; பழங்கள் வைத்திருந்தால் சொல்ல வேண்டியிருக்கும். பெட்ரோலை அரிசோனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நீடில்ஸில் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

நீடில்ஸுக்கு மேற்கே பழைய சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மரப்பாலங்கள் இருக்கின்றன. திடீர் வெள்ளங்களில் பல சேதமடைந்ததால் சில பகுதிகள் மூடப்பட்டுள்ளன. சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகத்தின் சாலை அறிவிப்பை முந்தைய இரவே பாருங்கள். வழி அடைத்திருந்தால் இண்டர்ஸ்டேட் 40இல் வந்து, கெல்பேக்கர் சாலையில் தெற்கே இறங்கி ஆம்பாயை அடையலாம். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் எண்ணம் மட்டும் வேண்டாம். தரையோடு தாழ்ந்த உங்கள் காருக்கு அந்த மணல் ஆகாது.

பதிவு 6: நெடுந்தொலைவு

அதிகாலைப் புறப்பாடு என்ற நிபந்தனையுடன் அரிசோனாப் பகுதிக்கு நான் உடன்படுகிறேன். ஆயினும் சான் பெர்னார்டினோவிலிருந்து பசடீனா வரையிலான ஃபுட்ஹில் சாலையைப் பழைய சாலை என்பதற்காக மட்டும் ஓட்டச் சொல்வதை ஏற்க மாட்டேன். மைலுக்கு மைல் போக்குவரத்து விளக்குகள். கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும்.

பதிவு 7: தேர்ப்பாகன்

அனைவருக்கும் நன்றி. கிங்மனிலிருந்து எழுதுகிறேன். பழைய சாலையையே தேர்ந்தெடுத்துவிட்டோம்.

குரூக்டன் சாலையைப் பற்றிச் சாலைநேசன் ஐயா கூறியதை இன்று என் கைகளால் அறிந்தேன். இண்டர்ஸ்டேட்டில் 75 மைல் வேகத்தில் கனரக டிரக்குகளுக்கு நடுவே செல்லும்போது அவற்றின் சக்கர அச்சு எங்கள் கண்மட்டத்தில் இருக்கும். காற்று மோதிக் கார் பக்கவாட்டில் அசையும். துணிக்கூரையின் இரைச்சலில் உரத்துப் பேசினால்தான் கேட்கும். 139ஆம் வெளிவழியில் இறங்கிக் கூரையைத் திறந்ததும் இவை எல்லாம் நின்றன. மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலுமாகச் சாலை எங்களை அழைத்துச் சென்றது. களைப்பு என்று நான் எண்ணியதில் பெரும்பகுதி இண்டர்ஸ்டேட்டின் இரைச்சல்தான் என்பதை இன்று உணர்ந்தேன். செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடையே பழைய சாலை சுமார் 87 மைல். இண்டர்ஸ்டேட்டைவிடச் சற்று நீளம். ஆனால் அதை ஓட்டி முடித்தபோது காலையில் புறப்பட்டதைவிடத் தெளிவாக இருந்தேன்.

டயர்களைக் குனிந்து பார்த்தேன். தேய்மானம் சீராகவே இருக்கிறது.

பதிவு 8: சாலைநேசன்

மகிழ்ச்சி. நாளைய மலைச்சாலையைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறேன். 1952இல் யக்கா என்ற ஊர் வழியாகப் புதிய பாதை அமையும்வரை, கலிபோர்னியாவுக்குச் சென்ற ரூட் 66 வண்டிகள் அனைத்தும் இந்தக் கணவாயைத்தான் ஏறி இறங்கின. 1930களில் ஓக்லஹோமாவின் வறட்சியிலிருந்தும் புழுதிப் புயல்களிலிருந்தும் தப்பிவந்த குடும்பங்கள் தங்கள் கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்த வழி இது. மலைக்கு அஞ்சியவர்கள் உள்ளூர்க்காரருக்குப் பணம் கொடுத்து வண்டியை ஓட்டச் சொன்னார்கள் அல்லது கட்டி இழுத்துக்கொண்டு போகச் செய்தார்கள். பெட்ரோல் புவியீர்ப்பால் மட்டுமே இயந்திரத்துக்குப் பாய்ந்த பழைய கார்களில் செங்குத்தான ஏற்றத்தில் எரிபொருள் வராது என்பதால், பின்நோக்கியே ஓட்டி ஏறியவர்களும் உண்டு. கணவாயின் உச்சியிலிருந்து மூன்று மாநிலங்கள் தெரியும்.

ஓட்மன் தெருக்களில் கழுதைகள் உரிமையோடு நடமாடும். தங்கச் சுரங்கம் தோண்டியவர்கள் விட்டுச்சென்ற கழுதைகளின் வழிவந்தவை அவை. திறந்த காருக்குள் தலையை நுழைக்கத் தயங்காது. ஊருக்குள் நுழையும் முன் கூரையை மூடிவிடுங்கள்.

பதிவு 9: தேர்ப்பாகன்

பார்ஸ்டோவிலிருந்து எழுதுகிறேன். நேற்றும் இன்றும் பாலைவனத்தில் கழிந்தன.

விடியும் முன் எழுந்து, 44ஆம் வெளிவழியருகே தொடங்கும் ஓட்மன் சாலையைப் பிடித்தோம். நேர்கோடாக மலையை நோக்கிச் செல்லும் சாலை, கூல் ஸ்பிரிங்ஸின் பழைய கற்கட்டட பெட்ரோல் நிலையத்துக்குப் பிறகு சட்டென்று சுருண்டு ஏறத் தொடங்குகிறது. ஏற்றம் முழுவதும் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே கை ஓயவில்லை. வேகமானி 30 மைலைத் தாண்டவே இல்லை. இந்தப் பயணத்தில் நான் ஓட்டிய மிகச் சிறந்த சாலை இது என்று தயங்காமல் சொல்வேன். குறைந்த வேகத்திலேயே சாலையின் ஒவ்வோர் அசைவையும் இருக்கை வழியாகச் சொல்லும் கார் அமைந்ததற்காக நன்றியோடு இருந்தேன். உச்சியில் நிறுத்தி, அந்தக் குடும்பங்கள் கண்ட அதே சமவெளியைப் பார்த்தோம். என் மனைவி நீண்ட நேரம் பேசவில்லை. இறக்கத்தில் பற்சக்கரம் அவர்களின் சொற்படியே செய்தேன். ஓட்மனில் நிறுத்தியபோது பிரேக்கிலிருந்து வாடையே வரவில்லை.

நீடில்ஸில் நண்பகலுக்குள் தங்கிவிட்டு, மறுநாள் அதிகாலை கெல்பேக்கர் சாலை வழியாக ஆம்பாய் சென்றோம். அங்கே ராய்ஸ் விடுதியின் 1959ஆம் ஆண்டுப் பெயர்ப்பலகை தனியாக வானைத் தொட்டு நிற்கிறது. 1973இல் இண்டர்ஸ்டேட் 40 வடக்கே திறக்கப்பட்டதும் அவ்வூர் வெறிச்சோடியது. கலிபோர்னியாவில் கோழி உணவகங்கள் நடத்திவந்த ஆல்பர்ட் ஒகூரா 2005இல் ஊரையே விலைக்கு வாங்கினார். 2019இல் பலகையின் நியான் விளக்குகளை மீண்டும் எரியச் செய்தார். சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் உணவகம் தொடங்கிய இடத்தைக் காட்சியகமாக வைத்திருந்தவரும் அவரே. 2023இல் அவர் மறைந்தார். தனக்கு எந்த வருமானமும் உறுதியில்லாத ஓர் ஊருக்காக ஒருவர் அவ்வளவு செய்திருக்கிறார் என்பதை வழிப்போக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளை கடைசி நாள். ஃபுட்ஹில் சாலை பற்றிச் சாலைநேசன் ஐயாவும் நெடுந்தொலைவு அவர்களும் வேறுபடுகிறார்கள். மொஹாவிவாசி அவர்கள் என்ன சொல்கிறார்?

பதிவு 10: மொஹாவிவாசி

இதில் நான் நெடுந்தொலைவு அவர்களின் பக்கம் பாதியும் சாலைநேசன் பக்கம் பாதியும் நிற்கிறேன். கஹோன் கணவாயில் இண்டர்ஸ்டேட் 15இன் டிரக் நெரிசலும் குறுக்குக் காற்றும் கடுமையாக இருக்கும். அங்கே கவனமாக இறங்கி, இடையில் கிடைக்கும் பழைய கஹோன் சாலையில் சிறிது தூரம் ஓட்டுங்கள். சான் பெர்னார்டினோ, ரியால்டோ எல்லையில் 1949ஆம் ஆண்டின் விக்வாம் விடுதியின் கூம்புக் குடில்களைப் பாருங்கள். ஹோல்புரூக்கிலுள்ள விக்வாம் விடுதிக் குடில்களின் உடன்பிறப்புகள். அதன்பின் பசடீனா வரை 210ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்விடலாம்.

பசடீனாவிலிருந்து மட்டும் கட்டாயம் அரோயோ செக்கோ பார்க்வேயில் செல்லுங்கள். 1940 டிசம்பரில் திறக்கப்பட்ட அது, நாட்டின் மேற்குப் பகுதியின் முதல் ஃப்ரீவே, அதாவது குறுக்குச் சந்திப்புகள் இல்லாத விரைவுச்சாலை. ரூட் 66ம் அதன் வழியே ஓடியது. அந்தக் காலத்துக் கார்களின் வேகத்துக்காக அமைத்த குறுகிய வளைவுகள் அப்படியே இருக்கின்றன. நுழைவழிகள் மிகக் குட்டையானவை; முழுதாக நின்றுவிட்டு உடனே வேகமெடுக்க வேண்டும். இலகுவான கார் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும்.

முடிவிடம் எது என்பதும் கேள்விதான். 1926இல் சாலை லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் ஏழாம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் முடிந்தது. 1936இல் சாண்டா மோனிகாவின் லிங்கன், ஒலிம்பிக் சாலைகளின் சந்திப்பு வரை நீண்டது. கடற்பாலத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பலகை 2009இல்தான் வைக்கப்பட்டது. நேரம் இருந்தால் மூன்றையும் பாருங்கள்.

பதிவு 11: தேர்ப்பாகன்

வந்து சேர்ந்துவிட்டோம். மூன்று முடிவிடங்களையும் பார்த்தோம். எனக்கு நிறைவைத் தந்தது லிங்கன், ஒலிம்பிக் சந்திப்புதான். அங்கே கொண்டாட்டம் எதுவும் இல்லை. சாலை தன் வேலையைச் செய்து முடித்த இடம் என்ற உணர்வு மட்டும் இருந்தது. கடற்பாலத்தில் கூட்டம் மிகுதி. என் மனைவிக்கோ அதுதான் பிடித்தது.

நெடுந்தொலைவு அவர்களுக்கு: ஃபுட்ஹில் சாலையின் பெரும்பகுதியை நாங்கள் தவிர்த்தோம், நீங்கள் சொன்னது சரி. ஆனால் சாண்டா மோனிகா பொலிவார்டின் நெரிசலிலிருந்து யாரும் தப்ப முடியாது. மாலைக்கு முன் அதைக் கடந்துவிடுமாறு அடுத்து வருபவர்களுக்குச் சொல்வேன்.

பற்சக்கரம் அவர்களுக்கு: தாங்கள் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. நீடில்ஸ் பிற்பகலில், ஓட்டி நிறுத்திய சூட்டில், மானி 34ஐத் தொட்டது, காற்றை இறக்கவில்லை, மறுநாள் காலை 28இல் நின்றது, ஒன்று கூட்டிக்கொண்டேன்.

2026 நவம்பர் 11இல் இந்தச் சாலைக்கு நூறு வயது நிறைகிறது. அதையொட்டிக் கிளம்புபவர்கள் கிங்மனிலும் நீடில்ஸிலும் அறைகளை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு இரவுகளும் உறுதியாக இருந்தால்தான், சிட்கிரீவ்ஸையும் ஆம்பாயையும் விடியற்காலையில் ஓட்ட முடியும். கார் நாளை சரக்கு டிரக்கில் சிகாகோ திரும்புகிறது. நாங்கள் விமானத்தில் செல்கிறோம்.